ஈயம் பூசிய தோட்டாக் கூடுகள்

என் கணவர் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு பித்தளைக் கூடுகளுக்குச் சூடு காட்டுகிற சாயங்காலங்கள் இன்னமும் என் கனவில் வருகின்றன. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. கொல்லையில் துளசி மாடம், கிணறு, அதற்கு அப்பால் ஒரு தகரச் சாய்ப்பு. ஆபீஸிலிருந்து வந்து காபி குடித்ததும் இவர் அந்தச் சாய்ப்பின் கீழ் போய் உட்கார்ந்துவிடுவார். தோட்டாக் கூட்டின் அடிப்பக்கத்தை வெறும் விரல்களால் பிடித்துக்கொண்டு, வாய்ப்பக்கத்தை மட்டும் நீலச் சுடரில் காட்டி மெதுவாக உருட்டுவார். பித்தளை முதலில் மங்கும். அப்புறம் வாயோரமாக ஒரு நீலம் ஓடும், மயில்கழுத்துப் புடவையைத் திருப்பினால் ஓடுமே, அந்த நிறம். உடனே கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவிடுவார். சுர் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொரு கூடு, இன்னொரு சுர். கோயில் பக்கமிருந்து நாகஸ்வரம் காற்றில் வந்து வந்து போகும். கிணற்றடியில் உட்கார்ந்தபடியே எனக்குக் கண் சொக்கிப்போகும்.

"அதை ஒரு இடுக்கியால பிடிச்சுக்கப்படாதா? விரல் பொசுங்கறதே" என்று ஒருநாள் கேட்டேன்.

"விரல்தான் எனக்குக் காவல்காரன். விரல் தாங்கலேன்னா சூடு அடிப்பக்கத்துக்கு வந்துடுத்துன்னு அர்த்தம். வாய் இளகணும், அடி இளகப்படாது."

"அடி இளகினா என்னவாம்?"

"மருந்து வெடிக்கறச்சே அத்தனை வேகத்தையும் தாங்கறது அந்த அடிதான். அது இளகிப்போய்க் கிழிஞ்சுதுன்னா நெருப்பும் காத்தும் முன்னாடி போகாது, பின்னாடி வரும். பின்னாடி யாரோட கண் இருக்கு? உன் கண்தானே?"

ஆமாம், சுட்டவள் நான்தான். கூடுகளைப் பார்த்துப் பார்த்து வளர்த்தவர் இவர்.

அந்தத் துப்பாக்கி மாமனாருடையது. அவர் காட்டிலாகாவில் ரேஞ்சராக இருந்தவர். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி போகிற போக்கில் அவரிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனாராம். மாமனார் அதைக் கொண்டு ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. புலி வந்தால் பயமுறுத்தலாம் என்று வைத்திருந்தார். புலி வந்ததாகவும் தகவல் இல்லை. அவர் காலமானபின் லைசென்ஸ் இவர் பெயருக்கு வந்தது. இவர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் டிராயிங் ஆபீஸில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் திருச்சிக்கு வெளியே ஒரு பொட்டல்காட்டில், கரும்பாறைக் குன்றின் அடிவாரத்தில் இருந்த துப்பாக்கி கிளப்பில் போய்க் காகிதத்தைச் சுட்டுவிட்டு வருவார். வாரமெல்லாம் மெல்லிசுக் கோடுகளைப் பார்த்துப் பார்த்து இவர் கண் மங்கிவிட்டது. குறி இரண்டாகத் தெரிகிறது என்று ஒருநாள் சலித்துக்கொண்டார். புளியோதரை மூட்டையோடு துணைக்குப் போயிருந்த என்னிடம், "நீ வேணா ஒண்ணு சுட்டுப் பாரேன்" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று பிறந்த வீட்டிலேயே பெயர். எதிலும் நிதானம் கிடையாது. அப்படிப்பட்டவள் ஜமக்காளத்தில் குப்புறப் படுத்து, துப்பாக்கிக் கட்டையில் கன்னத்தை வைத்ததும் என்ன ஆயிற்றோ, சுற்றியிருந்த உலகம் மெல்ல விலகிப் போய்விட்டது. பேச்சுக் குரல்கள் எங்கேயோ தள்ளிக் கேட்டன. வெயிலில் தரை நெளிந்துகொண்டிருந்தது. அந்த நெளிவுக்கு அப்பால் ஒரு கறுப்புப் பொட்டு மிதந்தது. மூச்சை விட்டேன், பொட்டு மேலே போயிற்று. மூச்சை இழுத்தேன், கீழே வந்தது. மூச்சு இல்லாத ஓரிடத்தில் அது அப்படியே நின்றது. விரல் எப்போது அழுத்தியது என்று எனக்குத் தெரியாது. தோளில் யாரோ தள்ளினமாதிரி இருந்தது. எழுந்து பார்த்தால் இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குண்டு பொட்டுக்குள்தான் விழுந்திருந்தது.

அதற்கப்புறம் இவர் சுடவில்லை. லைசென்ஸில் என் பெயரையும் சேர்ப்பதற்குக் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். எனக்கு வாரத்தில் ஆறு நாள் சமையலறை, கிணறு, கோயில், கடை. ஏழாம் நாள் அந்த மூச்சு நிற்கிற இடம். அங்கே நான் யாருக்கும் மருமகளும் இல்லை, பெண்டாட்டியும் இல்லை. இதை இவரிடம் சொன்னபோது கோபித்துக்கொள்ளாமல் தலையாட்டினார். அன்றைக்கு இவர்மேல் எனக்கு வந்த பிரியம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

மாமியார் அதற்கப்புறம்தான் எங்களோடு வந்து சேர்ந்தார். அதுவரை பம்பாயில் பெரிய பிள்ளையோடு இருந்தார். ஒருதடவை அடுப்பில் பால் வைத்துவிட்டு மறந்துபோனார் என்பதற்காக, இனிமேல் அடுப்பங்கரைப் பக்கமே வரவேண்டாம் என்று அந்த வீட்டில் சொல்லிவிட்டார்களாம். மரியாதையாகத்தான் சொன்னார்களாம், 'நீங்க சிரமப்படாதீங்கோ' என்று. மாமியார் அதைப் பற்றிப் பேசமாட்டார். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே தளிகையறையைக் கைப்பற்றிவிட்டார். நானும் சந்தோஷமாக விட்டுக்கொடுத்தேன். எனக்குச் சமையலில் அப்படியொன்றும் பாசமில்லை.

துப்பாக்கியைக் கண்டால் என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். நான் எப்படிப் படுத்துச் சுடுகிறேன் என்று கூடத்தில் செய்துகாட்டச் சொன்னார். செய்துகாட்டினேன். முகவாயில் கைவைத்து யோசித்தார்.

"இந்த ஆறு கெஜத்தைச் சுத்திண்டு படுத்தா காலை அகட்டவே முடியலையே உன்னால. மடிசார் கட்டிண்டு போ. ரெண்டு காலும் தனித்தனியா நிக்கும், புடவையும் விலகாது."

அடுத்த வாரமே மடிசார் கட்டிக்கொண்டு போனேன். கிளப்பில் சிரித்தார்கள். காகிதத்தைப் பார்த்தபின் சிரிக்கவில்லை. தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். மாமியார் அவர்களிடம் நின்று நிதானமாகச் சண்டை போட்டார். பகவான் வில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கலாம், என் மாட்டுப்பெண் துப்பாக்கியைத் தொடக்கூடாதா என்று கேட்டாராம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தோட்டா வருவது நிற்கும்வரை. எங்கள் துப்பாக்கியின் அளவுக்கு இங்கே யாரும் தோட்டா செய்வதில்லை. கப்பலில் வந்தால் உண்டு. கப்பலில் வருவது நின்றுபோயிற்று. மருந்து, குண்டு, அடியில் பொருத்துகிற கேப்பு இதெல்லாம் லைசென்ஸைக் காட்டி எப்படியோ வாங்கிவிடலாம். பித்தளைக் கூடு மட்டும் எங்கும் கிடைக்காது. ஆகவே கைவசம் இருந்த கூடுகளின் ஆயுள் எவ்வளவோ, அவ்வளவுதான் என் ஞாயிற்றுக்கிழமைகளின் ஆயுளும்.

இவர் அவற்றைச் சிக்கனமாகச் சாகவிட்டார். வெடிக்கும்போது கூடு உப்பும்; திரும்ப அதை அச்சில் விட்டு அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். உப்புவதும் சுருங்குவதுமாகப் பித்தளை விறைத்துப்போய்க் கடைசியில் கீறிவிடும். இவர் முழுக் கூட்டையும் அழுத்தமாட்டார். "இந்தத் துப்பாக்கிக்குள்ள உப்பினது இந்தத் துப்பாக்கிக்குச் சரியாத்தான் இருக்கும்" என்று கழுத்தை மட்டும் லேசாகத் தொடுவார். மருந்தைக் குறைத்துத்தான் போடுவார். காகிதத்தைத் துளைக்க யானை மருந்து எதற்கு என்பார். கழுத்து விறைக்குமுன் விளக்கில் காட்டி இளக்குவார். எல்லாம் முடிந்து, நுனி வளைத்த ஒரு கம்பியை உள்ளே விட்டு அடிப்பக்கத்தில் சுற்றிலும் வருடிப் பார்ப்பார். உள்சுவரில் பள்ளம் விழுந்திருந்தால் கம்பி தட்டும். தட்டினால் அந்தக் கூட்டை அங்கேயே கல்லில் வைத்துச் சுத்தியலால் நசுக்கிவிடுவார்.

அந்த இடத்தில்தான் எங்களுக்குச் சண்டை வரும்.

"அது நன்னாத்தானே இருக்கு. பளபளன்னு இருக்கு. உங்களுக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம்."

"வெளில அப்படித்தான் இருக்கும். இது உள்ளேருந்து கெட்டுப்போறது. உள்ள போயிடுத்துன்னா போயிடுத்துதான்."

நான் விருட்டென்று எழுந்து உள்ளே போய்விடுவேன். பாத்திரங்கள் கொஞ்சம் உரக்கப் பேசும். மாமியார் ஒன்றும் கேட்கமாட்டார். ஆனால் எல்லாம் அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் கிளப்பின் செக்ரெட்டரி, ரிடையரான மிலிட்டரிக்காரர், என்னைக் கூப்பிட்டு, மெட்ராஸில் நடக்கப்போகும் மாகாணப் போட்டிக்கு எங்கள் கிளப் சார்பில் நான் போகவேண்டும் என்றார். கிளப்பில் இருந்தவை சின்னத் துப்பாக்கிகள். போட்டியில் சுடவேண்டிய தூரத்துக்கு எங்களுடையதுதான் போகும். இரண்டு நாள் சுடவேண்டும். மிச்சமிருந்த கூடுகளைக் கொட்டிப் பார்த்தோம். அத்தனையும் நல்லபடியாக இருந்தால் சரியாகப் போதும், உபரியாக ஒன்றுகூட இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலையெல்லாம் அது பாட்டுக்கு நடந்தது. நான் மட்டும் எங்கேயோ மெட்ராஸில் ஒரு புல்தரையில் மடிசாரோடு படுத்திருந்தேன். காவேரியில் குளிக்கும்போது தண்ணீருக்குள் மூச்சடக்கி அந்தக் கறுப்புப் பொட்டை நினைத்துக்கொள்வேன். அத்தனை ஆசை எனக்கு வேறெதிலும் இருந்ததில்லை. நகையில் இல்லை, புடவையில் இல்லை.

இவர் மட்டும் கம்பியும் கையுமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாய் வருடிக்கொண்டிருந்தார். ஒன்று தட்டியது. இன்னொன்றும் தட்டுகிறமாதிரி இருக்கிறது என்றார். நான் கிணற்றடியில் போய் அழுதேன். உள்ளே கெட்டுப்போகிறதாமே, உள்ளே கெட்டுப்போகிறதாமே என்று புலம்பினேன். தண்ணீர் எடுக்க வந்த மாமியார் குடத்தை வைத்துவிட்டு என் தலையைத் தடவினார். "அழாதே. எல்லாத்துக்கும் வழி இருக்கு" என்றார். பெருமாளைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பெருமாளைச் சொல்லவில்லை. ஈயம் பூசுகிறவரைச் சொல்லியிருக்கிறார்.

பித்தளைப் பாத்திரம் உள்ளே கெட்டுப்போனால் என்ன செய்யவேண்டும் என்று எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். உள்ளே களிம்பேறினால், புளி பட்டதெல்லாம் கசந்துபோகும். ஈயம் பூசுகிறவர் வந்து தெருமுனையில் குழி தோண்டி, துருத்தி வைத்துக் கரியை ஊதி, பாத்திரத்தைப் பழுக்கக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, ஈயத்தைத் தடவித் துணியால் ஒரு சுற்றுச் சுற்றினால், உள்ளே வெள்ளி மாதிரி ஆகிவிடும். பாத்திரத்துக்கு மறுபிறவி. நாற்பது வருஷமாக மாமியார் இப்படித்தான் பித்தளையைக் காப்பாற்றி வந்திருக்கிறார்.

மெட்ராஸ் கிளம்பச் சில நாட்களே இருந்தபோது, ஒரு காலை கூடுகளைப் புளித்தண்ணீரில் அலசி, தாம்பாளத்தில் பரப்பி வெயிலில் வைத்துவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் மெட்ராஸ் பயணத்துக்கு ஒரு தோல்பை பார்க்கப் போயிருந்தேன். திரும்பிவந்த பஸ் ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்துக்குள் நுழையும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஒன்றிரண்டு கூடு குறைந்தால் குறையட்டும், போய்விடுவது என்று தீர்மானித்துவிட்ட ஒரு நிறைவு மனதில். வீட்டுக்குள் நுழைந்தால், கூடத்தில் மாமியார் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வா, வா. வந்து பாரு. அந்த ஈயம் பூசறவன் மாட்டவே மாட்டேன்னான். இத்தனூண்டுக்கு எப்படிம்மா பூசறதுன்னான். நான் விடலை. குச்சியில துணி சுத்திக் குடுத்து, பக்கத்துலயே நின்னேன். நன்னா செக்கச்செவேல்னு காய்ச்சிப் பூசியிருக்கான். இனிமே உள்ள கெடவே கெடாது. நிம்மதியாப் போய்ச் சுட்டுட்டு வா."

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வாயோரம் வெள்ளை வெளேரென்று இருந்தது. உள்ளே ஈயம் நிலா மாதிரி மின்னியது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் செக்கச்செவேலென்று காய்ச்சியிருக்கிறார்கள், அடியிலிருந்து நுனிவரை. என் வாயில் என்ன வந்திருக்கும் என்று எனக்கே பயமாக இருக்கிறது; நல்லவேளை, இவர் சைக்கிளை உள்ளே ஏற்றுகிற சத்தம் கேட்டது. இவர் வந்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். ஒரு கூட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"நன்னா இருக்கும்மா" என்றார்.

தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். சாய்ப்பின் கீழ் ஒரு கூட்டைக் குறட்டில் வைத்து அடிப்பக்கத்தை அழுத்தினார். சாத்தமுது வைக்கிற ஈயச்சொம்பு மாதிரி நெளிந்து கொடுத்தது. இன்னொன்று. அதுவும் நெளிந்தது. இவர் பிறகு குறட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"எல்லாமா?" என்றேன்.

"எல்லாம்."

"ஒண்ணே ஒண்ணு, மருந்தைக் கம்மியாப் போட்டுப் பாக்கலாமே."

"உன் கண்ணைப் பந்தயம் வச்சா?"

"என் கண், என் இஷ்டம்."

"கண் உன் இஷ்டம்தான். மருந்து போட்டுக் குடுக்கற கை என்னுது. போடமாட்டேன்."

அழுகை வரவில்லை. அம்மாவிடம் இப்போதே போய்ச் சொல்லப்போகிறேன் என்று திரும்பினேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இவர் என்னை அப்படிக் கெட்டியாகப் பிடித்ததில்லை.

"சொல்லாதே. பம்பாய்ல அடுப்பைத் தொடாதேன்னுட்டா. இங்க வந்துதான் மனுஷியா நடமாடறா. இதையும் கெடுத்தேன்னு தெரிஞ்சா, அப்புறம் ஒரு சொம்பைக்கூடத் தொடமாட்டா. உள்ளுக்குள்ளயே ஒடுங்கிப்போயிடுவா."

"என் மெட்ராஸ்?"

இவர் என் கையை விட்டார். கண் கலங்கியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன். மாமியார், காபி தரட்டுமா என்று கேட்டார். குடுங்கோ என்றேன்.

உடம்பு சரியில்லை என்று செக்ரெட்டரிக்குச் சொல்லி அனுப்பினோம். மாமியாரிடமும் அதையே சொன்னோம். உண்மை மாதிரியே இருந்தது, எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். ஈயம் பூசிய கூடுகளை ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோய் நசுக்கி, கொள்ளிடத்தில் போட்டுவிட்டு வந்தார் இவர். மெட்ராஸில் யார் ஜெயித்தார்கள் என்று நான் இன்றுவரை விசாரித்ததில்லை.

தப்பியது ஏழெட்டுக் கூடுகள்தான். வாயைச் சீவிச் சரிசெய்ய அன்றைக்கு இவர் ஆபீஸ் பையில் கொண்டுபோயிருந்தவை அவை. அவற்றை வைத்துக்கொண்டு ஒரு போட்டிக்கும் போகமுடியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பாவிட்டால் மாமியார் கேட்பார். கிளம்பினோம். காலிக் குழலோடு ஜமக்காளத்தில் படுத்து, மூச்சை நிறுத்திக் குறிபார்த்து, விசையை இழுப்பேன். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கடைசியில் கிளம்புமுன் ஒரே ஒரு தோட்டா சுடுவேன். ஏனென்றால் வீட்டுக்கு வந்து குழலைத் துடைக்கும்போது மருந்து வாசனை வரவேண்டும். மாமியாருக்கு மூக்கு ரொம்பக் கூர்மை.

அந்த ஒற்றைத் தோட்டா வாரங்களை நான் வெறுத்திருக்கவேண்டும். வெறுக்க முடியவில்லை. டிக், டிக் என்று பகல் நகரும். பாறைக்குன்றின் நிழல் பொட்டலில் இறங்கிவரும். எங்கேயோ ஆடு கத்தும். அரைத் தூக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும் எனக்கு, ஆனால் குறி ஆடாது. கடைசியாக அந்த ஒன்று வெடிக்கும்போது வாரமே அதற்குள் இருந்தது போலத் தோன்றும். இவர் ஓடிவந்து கூட்டை எடுத்து வைத்துக்கொள்வார். இத்தனை மெதுவாக வாழ்ந்த கூடுகள் உலகத்திலேயே இருந்திருக்காது. அப்படியும் ஒன்று கழுத்தில் கீறியது. ஒன்று உள்ளே தட்டியது. இன்னும் ஒன்று. இவர் சொல்லும்போது நான் சண்டை போடுவதை விட்டுவிட்டேன்.

மாமியாரோ தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். "எல்லாம் போயிடுத்துன்னு ரெண்டும் அழுதுண்டு உக்காந்திருந்துதுகள். நான்தான் ஈயம் பூசிக் குடுத்தேன். இன்னிக்கும் ஜம்முனு சுட்டுண்டிருக்கா" என்பார். என்னைப் பார்த்து ஆமாம்தானே என்பார். ஆமாம்மா என்பேன். ஒவ்வொரு ஆமாமும் எனக்குக் கஷாயம் மாதிரி கசக்கும். அவரை எனக்குப் பிடிக்கும். அதே சமயம் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் சட்டென்று எழுந்து போகத் தோன்றும். இது இரண்டு வருஷம் நடந்தது.

கடைசியில் ஒரே ஒரு கூடு மிஞ்சியது. அது எத்தனை நாளைக்கோ என்று இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமியார் தலைவாரி முடிந்துகொண்டு, சலவைப் புடவையோடு வாசலில் வந்து நின்றார்.

"நானும் வரேன். ஒருதடவையாவது நீ சுடறதைப் பாக்கணும்."

இவர் என்னென்னவோ சாக்குச் சொல்லிப் பார்த்தார். வெயில் என்றார், பஸ் மாறணும் என்றார். மாமியார் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தயிர்சாதம் கட்டிய தூக்கை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

கிளப்பில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். காதில் பஞ்சு வைத்துவிட்டேன். டிக் டிக்கெல்லாம் அன்றைக்கு இல்லை. நேராகப் படுத்தேன், அந்த ஒற்றைத் தோட்டாவைப் போட்டேன். அவர் பார்க்கிறார் என்று நினைத்ததும் பொட்டு ஆடியது. பிறகு மூச்சு நிற்கிற இடம் வந்தது. அங்கே அவர் இல்லை, கோபமும் இல்லை. வெடித்தது. கறுப்புப் பொட்டின் நடுவில் ஓர் ஓட்டை.

எல்லாரும் காகிதத்தைப் பார்த்தார்கள். மாமியார் பார்க்கவில்லை. நான் துப்பாக்கியின் தாழைப் பின்னுக்கு இழுத்ததும் ஜமக்காளத்தில் துள்ளி விழுந்த கூட்டைக் குனிந்து எடுத்துக்கொண்டார். சூட்டுக்குக் கை மாற்றி மாற்றிப் பிடித்தார். சாத்தமுதுச் சொம்புக்குள் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதன் வாய்க்குள் பார்த்தார்.

"இது ஈயம் பூசினது இல்லையே" என்றார்.

"அது வேறம்மா. பூசினதெல்லாம் ஆத்துல பத்திரமா..." என்று ஆரம்பித்தார் இவர்.

"சும்மா இருடா. பாத்திரம் தேச்சே கிழவியானவ நான். வாயோரம் மஞ்சளா இருக்கு. பூசினதெல்லாம் எங்க?"

இவர் தரையைப் பார்த்தார். நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"ஒண்ணுகூட மிச்சம் இல்லம்மா. தீயில முழுசாப் போட்டா அடி இளகிடும். அப்புறம் அதைச் சுட்டா வெடிச்சு முகத்துக்கே வரும். எல்லாத்தையும் அன்னிக்கே நசுக்கிப் போட்டுட்டோம்."

"மெட்ராஸ் போகாதது அதனாலதானா? உடம்பு சரியில்லேன்னியே."

"அதனாலதான்."

திரும்பும்போது அவர் அந்தக் கூட்டை முந்தானையில் முடிந்துகொண்டார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்; இவர் ஆண்கள் பக்கம் போய்விட்டார். பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியபோது ஆறு நிறைய ஓடிக்கொண்டிருந்தது. வெயில் தண்ணீரில் உடைந்து உடைந்து ஜன்னலுக்குள் ஆடியது.

"என் மேல கோவம் வந்துதா?"

"வந்தது."

"இத்தனை நாளுமா?"

"இத்தனை நாளும்."

"இப்போ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "இப்பவும் இருக்கும்மா" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார், "பம்பாய்ல அடுப்பைத் தொடாதேன்னா. நீங்க ரெண்டு பேரும் நான் கெடுத்ததை என்கிட்டச் சொல்லாம மூடி வச்சேள். ரெண்டும் ஒண்ணுதான். இவகிட்டச் சொல்லி என்ன ஆகப்போறதுன்னுதானே?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மழுப்பாதே. அன்னிக்கு என்ன சொல்ல நினைச்சியோ அதை இப்பச் சொல்லு."

சொன்னேன். முதலில் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். அப்புறம் குரல் என் பேச்சைக் கேட்கவில்லை. எங்களைக் கேட்காமல் எப்படி எடுத்துக்கொடுத்தீர்கள், உங்கள் பிள்ளை விரலைச் சுட்டுக்கொண்டு அதைக் காப்பாற்றினாரே, பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள், எனக்கென்று இருந்தது அது ஒன்றுதானே என்று அத்தனை ஜனங்களுக்கு நடுவில் கத்தினேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். ஆண்கள் பக்கமிருந்து இவர் பாதி எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தைகூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் ஓய்ந்தபின், "தப்புதான்டி. கேட்டிருக்கணும்" என்றார்.

அவர் தோளில் சாய்ந்து அழுதேன். அவர் என்னைத் தட்டிக்கொடுக்கவில்லை, அவரும் அழுதுகொண்டிருந்தார்.